டச்சப் அக்காவும் ஒரு சக்களத்தி முகமும்

டச்சப் அக்கா பொறாமைப்படாத முகம் என்று ஒன்று எங்கள் ஸ்டுடியோ படியேறியதே இல்லை. பாஸ்போர்ட் போட்டோவுக்கு வந்த காலேஜ் பெண்ணின் பருவை அழித்துக்கொண்டே, "இவளுக்கு எதுக்குடி இப்படி ஒரு மூக்கு? சளி சிந்தறதுக்கா?" என்பாள். வயதான அம்மாள் ஒருத்தியின் கன்னச் சுருக்கத்தை நீவிவிடும்போது, "இந்த வயசுல இவ்ளோ முடி! என்ன எண்ணெய்னு கேட்டா சொல்லுவாளா? வாயே திறக்கமாட்டா" என்பாள். புதுசாகக் கல்யாணம் ஆன ஜோடி என்றால் கேட்கவே வேண்டாம். "தோள்ல எப்படிக் கை போட்டிருக்கான் பாரு. என் வீட்டுல இருக்கிறவர் லிஃப்டைத் தவிர எதையும் தொட்டுப் பேசினதில்ல."

அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். நான் அவளுக்குப் பக்கத்து சீட். கம்ப்யூட்டரில் முகங்களைத் திருத்துகிற டச்சப் அவள் வேலை, ஆல்பம் டிசைன் என் வேலை, வாயாடி என்பது அவள் எனக்கு வைத்த பெயர். எனக்கும் மூக்குக்கு மேல் கோபம் வரும், அவளுக்கும் வரும். ஆனாலும் இத்தனை வருஷம் ஒரே ஃபேனுக்கடியில் குப்பை கொட்டியிருக்கிறோம் என்றால் அது ஆச்சரியம்தான்.

ஒன்று சொல்லியாக வேண்டும். வாய்தான் அப்படியே தவிர, கை தங்கம். எந்த முகத்தைப் பார்த்து வயிறு எரிந்தாளோ, அந்த முகத்தை இன்னும் அழகாக்கித்தான் அனுப்புவாள். பொறாமையைப் பிரஷ்ஷில் காட்டியதே இல்லை, அந்த ஒரு நாளைத் தவிர.

அவளுக்கென்று ஒரு வேலைப் பழக்கம் உண்டு. எங்கள் பழைய சாஃப்ட்வேரில் கண்ட்ரோலும் இசட்டும் சேர்த்து ஒரு தட்டு தட்டினால் கடைசியாகச் செய்தது மறையும். அதையே இன்னொரு தட்டு தட்டினால் திரும்ப வரும். அக்கா ஒவ்வொரு முறை தொட்டதும் அதைத் தட்டித் தட்டிப் பார்ப்பாள். பரு இருக்கிறது, இல்லை. இருக்கிறது, இல்லை. அப்படிக் கண்ணெதிரே மின்னவிட்டுப் பார்த்தால்தான் வேலை சரியா தப்பா என்று அவளுக்குத் தெரியும். அவள் கீபோர்டில் இசட் எழுத்து தேய்ந்து போய் அந்த இடம் மொட்டையாக இருக்கும்.

இந்த வருஷம் முதலாளி புது சாஃப்ட்வேர் போட்டார். அங்கேதான் வினையே ஆரம்பித்தது. புதுசில் அதே பட்டனை இரண்டாம் தடவை தட்டினால் போனது திரும்பி வராது, இன்னும் ஒரு படி பின்னால் போகும். மூன்றாம் தடவை தட்டினால் அதற்கும் பின்னால். முன்னால் வர வேண்டுமானால் ஷிஃப்டையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். அதைவிடக் கொடுமை, பின்னால் போய் நிற்கிற இடத்தில் தெரியாத்தனமாக ஒரு புள்ளி வைத்துவிட்டால் தீர்ந்தது. முன்னால் செய்து வைத்ததெல்லாம் அடியோடு போய்விடும். எத்தனை முறை கூப்பிட்டாலும் வராது.

அக்கா முதலாளியிடம் சண்டைக்கே போனாள். "யார் சார் இதைக் கண்டுபிடிச்சது? போனதைக் கேட்டா இருக்கிறதையும் சேர்த்துப் பிடுங்குது!"

"எல்லா இடத்துலயும் இப்ப இப்படித்தாம்மா. பழகிக்கணும். உலகம் மாறிடுச்சு."

"உலகம் மாறட்டும் சார். என் விரல் மாறலையே!"

பழையபடி மாற்றிக்கொள்ள உள்ளே ஏதோ வழி இருக்கிறதென்று சாஃப்ட்வேர் போட்டுக் கொடுத்தவன் சொன்னான். நாளைக்கு வருகிறேன் என்றான். அந்த நாளை இன்றுவரை விடியவில்லை. நான் இரண்டு நாளில் புது விரல் பழகிவிட்டேன். அதற்கும் அவளுக்குப் புகைச்சல். "உனக்கென்ன, மனசுல ஒண்ணும் தங்காது, விரல்ல மட்டும் எப்படித் தங்கும்?" என்றாள். நானும் விடவில்லை. "தங்குற வரைக்கும் உன் வயித்தெரிச்சலை வெச்சு அடுப்பு மூட்டிக்கோ" என்றேன். அன்று முழுக்கப் பேசவில்லை. மறுநாள் அவளே வந்து என் டப்பாவைத் திறந்து பாதியைச் சாப்பிட்டுவிட்டுப் போனாள்.

ஊரார் முகத்தின் மேல் அவள் படுகிற பொறாமை எல்லாம் சும்மா வாய்க்கு வேலை. உள்ளே உட்கார்ந்து அரித்த பொறாமை ஒன்றே ஒன்றுதான். அது செத்துப்போன ஒருத்தியின் மேல்.

அக்கா இரண்டாம் தாரமாக வாழ்க்கைப்பட்டவள். முதல் மனைவி குழந்தைக்கு ஒரு வயசு முடிவதற்குள் இறந்துவிட்டாள். அதற்கடுத்த வருஷம் அக்கா அந்த வீட்டுக்குள் வந்தாள். வந்த அன்றே குழந்தையை இடுப்பில் தூக்கியவள்தான், பள்ளிக்கூடம், பல்வலி, பரீட்சை, படிப்பு எல்லாம் அவள் தலையில்தான் நடந்தது. தனக்கென்று ஒரு குழந்தை வேண்டாம் என்று அவளே முடிவு செய்துகொண்டாள். அந்தப் பெண்ணும் உயிரையே வைத்திருந்தாள். ஆனால் வாய் நிறையக் கூப்பிட்டது என்னவோ சித்தி என்றுதான். குழந்தையைப் பார்க்க வந்த அத்தைமார்கள் அப்படிச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். அதுவும் அப்படியே பிடித்துக்கொண்டது.

"அவரு அவளைப் பத்தி ஒரு வார்த்தை பேசினதில்லடி" என்று ஒரு நாள் சொன்னாள். "ஒரு தடவையாவது, 'அவ சமைச்சா வாயில வைக்க முடியாது'ன்னு சொல்லியிருந்தா எனக்கு வயிறு குளிர்ந்திருக்கும். சொல்லமாட்டாரே! உயிரோட இருக்கிறவகூடச் சண்டை போடலாம். முடியைப் பிடிக்கலாம். இவகிட்ட என்ன பண்றது? குறையும் கிடையாது, வயசும் ஏறாது. எனக்கு மட்டும் நரைக்குது."

அந்தப் பெண்ணுக்கு இந்த வருஷம் வெளிநாட்டில் வேலை கிடைத்தது. சின்ன வேலை இல்லை, கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரியான வேலை. அக்கா ஸ்டுடியோ முழுக்க இனிப்பு கொடுத்தாள். கொடுத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, ரகசியம் மாதிரிச் சொன்னாள்: "எனக்கு வேற ஒண்ணும் வேணாம்டி. போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை அம்மான்னு கூப்பிட்டுட்டுப் போனா போதும். வாய் தவறிக் கூப்பிட்டாக்கூடப் போதும்."

"நீயே கேட்டு வாங்கிக்கோயேன்" என்றேன்.

"கேட்டு வாங்கிக்கிறதுக்கு அது என்ன கைமாத்தா? போடி."

கிளம்புகிற வாரம் அந்தப் பெண் கேட்டது அவளுடைய அம்மாவின் போட்டோவை.

மொத்தத்தில் ஒரே ஒரு பிரிண்ட்தான் மிச்சம். மற்றதெல்லாம் அந்த முதல் மனைவியின் பிறந்த வீட்டார் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், அவர்களோடு பேச்சும் அறுந்துவிட்டது. இது மட்டும் கண்ணாடி சட்டத்தோடு அலமாரியின் மேல்தட்டில் பல வருஷமாகக் கிடந்து, கூரைக் கசிவில் ஊறிப்போயிருந்தது. அங்கே வைத்தது யார் என்று நான் கேட்கவில்லை. அக்காவே சொன்னாள். "நான்தான் வெச்சேன். கண்ணுல படாம இருக்கட்டும்னு. தண்ணி ஒழுகும்னு கனவா கண்டேன்?" இடது கண்ணும், கன்னத்தில் பாதியும் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு உரிந்துவிட்டன. மிச்சப் பாதியில் ஒருத்தி சிரித்துக்கொண்டிருந்தாள். நல்ல களையான முகம். அதைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

"நல்லா இருக்காங்கல்ல?" என்றேன்.

"தெரியும். வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாரு."

அந்தப் பெண் கிளம்புகிற அன்று காலையில்தான் அக்கா அந்த முகத்தைக் கையில் எடுத்தாள். அதற்கு முன்னால் ஒரு வாரமும் ஊரில் இல்லாத வேலையையெல்லாம் இழுத்துப் போட்டுச் செய்து தள்ளிப்போட்டாள். சாயங்காலம் அந்தப் பெண் ஸ்டுடியோவுக்கே வந்து வாங்கிக்கொண்டு அப்படியே விமான நிலையம் போவதாக ஏற்பாடு. அங்கே வந்தால் அழுது மானத்தை வாங்கிவிடுவேன், இங்கேயே வழியனுப்பிவிடுகிறேன் என்று அக்கா சொல்லியிருந்தாள். இனித் தள்ளிப்போட வழியில்லை.

போன கண்ணை எங்கிருந்து கொண்டுவருவது? இருக்கிற கண்ணைத் திருப்பிப் போட்டால் பொம்மை மாதிரி இருக்கும், அதை அக்கா செய்யமாட்டாள். பெண்ணின் முகஜாடை அப்படியே அம்மாதான். அதனால் பெண்ணின் போட்டோ ஒன்றிலிருந்து இடது கண்ணையும் கன்னத்தையும் எடுத்து அம்மாவின் முகத்தில் வைத்தாள். வைப்பது ஒரு நொடி. அதைப் பொருத்துவதுதான் வேலை. வெளிச்சம் எந்தப் பக்கம் விழுகிறது, இமை எவ்வளவு இறங்கியிருக்கிறது, சிரிப்பில் கண் எவ்வளவு சுருங்கும் என்று மதியம் வரை தலையைத் தூக்கவில்லை. சாப்பிட வாவென்று கூப்பிட்டேன், காதிலேயே விழவில்லை. நடுவில் சேவ் செய்யவும் இல்லை. சேவ் கொடுத்தால் அந்த மெஷின் முக்கி முனகி நின்றுவிடும், கை ஓட்டம் கெட்டுப்போகும் என்பது அவள் கட்சி.

மதியம் போல நான் திரும்பிப் பார்த்தேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், எனக்குச் சிலிர்த்துவிட்டது. திரையில் ஒருத்தி முழுசாக, இரண்டு கண்ணாலும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயசு இருக்கும். இப்போதுதான் யாரோ வேடிக்கையாக எதையோ சொல்லி, அதற்குச் சிரிக்கிற மாதிரி.

அக்கா நாற்காலியில் சாய்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் இறுகிப் போயிருந்தது.

"இவளைப் பார்த்துட்டு வந்து என்னை எப்படிடி கட்டிக்கிட்டாரு?" என்றாள்.

நான் பதில் சொல்வதற்குள் அவள் விரல் பட்டனைத் தட்டியது. பழைய பழக்கம். இருக்கிறாள், இல்லை என்று மின்னவிட்டுப் பார்க்கிற பழக்கம். ஆனால் வேலை சரியா என்று பார்க்க அவள் தட்டவில்லை. அதை நான் சத்தியம் செய்து சொல்வேன். அவளை இல்லாமல் ஆக்கிப் பார்க்கத் தட்டினாள். தட்டிக்கொண்டே, "இரு. போ. இரு. போ" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

புது சாஃப்ட்வேருக்கு 'இரு' தெரியுமா? அதற்குத் தெரிந்ததெல்லாம் 'போ' ஒன்றுதான். ஒவ்வொரு தட்டுக்கும் ஒன்றாகக் கழற்றிக்கொண்டே போனது. முதலில் கண்ணோரத்துச் சிரிப்பு போயிற்று. பிறகு இமை. பிறகு கன்னத்து வெளிச்சம். அவள் சுதாரிப்பதற்குள் கண்ணே போய், அந்த இடத்தில் பழைய வெள்ளைப் பொத்தல் வந்து நின்றது.

"ஐயோ!" என்று இடது கையைப் பதறி எடுத்தாள். வலது கையில் பேனா இருந்தது. எழுதுகிற பேனா இல்லை, பலகை மேல் வைத்து வரைகிற எங்கள் பேனா. அது லேசாகப் பலகையைத் தொட்டது. திரையில் நெற்றியோரம் ஒரு புள்ளி விழுந்தது, மிளகு அளவுக்கு.

அவ்வளவுதான். நான் எழுந்து ஓடி வந்து ஷிஃப்டையும் சேர்த்து அமுக்கினேன். ஒன்றும் நடக்கவில்லை. மெனுவைத் திறந்து பார்த்தேன். முன்னால் போகிற வரி மங்கிப்போய்க் கிடந்தது.

"லூசாக்கா நீ! கைப் பேனாவைக் கீழ வெச்சிட்டுத் தட்ட மாட்டே? காலையில இருந்து செஞ்சது! ஒரு சேவ் போட்டிருக்கக் கூடாதா?" என்று கத்திவிட்டேன்.

அவள் அந்தப் பொத்தலையே பார்த்தாள். பிறகு பேயறைந்த மாதிரி இருந்த முகத்தில் ஒரு அழுத்தம் வந்தது. அந்த அழுத்தம் எனக்குப் பிடிக்கவில்லை.

"சரி விடு. பொண்ணோட போட்டோ இருக்குல்ல, மறுபடி எடுத்து வை. இந்தத் தடவை சீக்கிரம் வந்துடும்" என்றேன்.

"வைக்கமாட்டேன்."

"என்னக்கா?"

"ஒரு தடவை எடுத்துக் குடுத்தேன், தங்கலல்ல? எம்பொண்ணு கண்ணு அவளுக்கு ரெண்டாவது தடவை கிடையாது. பெத்துட்டா, அம்மாங்கிற பேரை எடுத்துக்கிட்டா, இப்ப கண்ணும் வேணுமா? எனக்குன்னு எம்பொண்ணுகிட்ட என்னதான் இருக்கு?" நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "கேமராவை எடுத்துட்டு வா. என்னை எடு."

"விளையாடுறியா?"

"எடுடின்னா எடு. முகத்தைக் கொஞ்சம் இடது பக்கம் திருப்பணும், வெளிச்சம் மேல இருந்து வரணும். பார்க்கட்டும். அவ வீட்டை, அவ புருஷனை, அவ பொண்ணை இத்தனை வருஷமா யாரு பார்த்ததுன்னு எங்கண்ணாலேயே பார்க்கட்டும்."

"உன் வயசென்ன, அவங்க வயசென்ன? கண்ணுக்குக் கீழ எவ்ளோ சுருக்கம்!"

"அதை எடுக்கிறதுக்குத்தானே எனக்குச் சம்பளம்?"

எடுத்தேன். வேண்டாம் என்று தலையில் அடித்துக்கொண்டே எடுத்தேன். ஸ்டூலில் உட்கார்ந்து, சிரி என்றால் வரவில்லை. "யாரையாவது நினைச்சுக்கோ, அப்பத்தான் கண்ணு அவிஞ்சு போகாம இருக்கும்" என்றேன். கொஞ்சம் கீழே பார்த்தாள், தொட்டிலைப் பார்க்கிற மாதிரி. அப்போது அந்தக் கண் மாறியது. கிளிக் செய்தேன்.

பிறகு அவள் வேலை செய்த வேகத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. கோபத்தில் செய்தாள் என்றாலும் கை கைதானே! சுருக்கங்களை எடுத்தாள், பழைய போட்டோவின் பழுப்பை ஏற்றினாள், இமையை அந்தச் சிரிப்புக்குத் தகுந்த மாதிரி இறக்கினாள். ஒரு தடவைகூட இசட் பக்கம் விரல் போகவில்லை. முடிந்ததும் சேவ் கொடுத்து, பிரிண்ட் போட்டு, ஃபைலையும் மூடிவிட்டாள். மூடினால் பின்னால் போகிற வழியும் அடைபட்டுவிடும், அது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

முகம் சரியாகத்தான் இருந்தது. தெரியாதவர்கள் பார்த்தால் ஒன்றும் சொல்ல முடியாது. முதலில் வந்த வேடிக்கைச் சிரிப்பு மட்டும் இல்லை. இவள் சிரித்துக்கொண்டே யாரையோ கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் பெண் வந்தாள். வாசலில் டாக்ஸி, உள்ளே இவள். முதுகில் பை, கழுத்தில் ஒரு தலையணை, முகமெல்லாம் பரபரப்பு. "சித்தி, முடிஞ்சுதா? டிராஃபிக்ல மாட்டிக்கிட்டேன். அப்பா நேரா அங்க வந்துடுறாராம், ஏதோ லிஃப்ட்ல ஆள் மாட்டிக்கிச்சாம்."

அக்கா கவரை நீட்டினாள். பெண் நின்றபடியே பிரித்தாள். பிரித்தவள் அப்படியே நின்றுவிட்டாள். வாசலில் டாக்ஸிக்காரர் ஹாரன் அடித்தார். அவள் திரும்பவில்லை.

நான் அக்காவைப் பார்த்தேன். கண்டுபிடித்துவிடுவாள் என்று பயந்தாளா, கண்டுபிடிக்கட்டும் என்று காத்திருந்தாளா, எனக்கு இன்றுவரை தெரியாது. முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே நின்றாள்.

அந்தப் பெண் விரலால் அந்த இடது கண்ணைத் தொட்டாள்.

"எனக்கு இது ஞாபகம் இருக்கு சித்தி" என்றாள். "யாருகிட்டயும் சொன்னதில்ல. சொன்னா, 'உங்கம்மா போகும்போது உனக்கு ஒரு வயசுகூட ஆகல, எப்படி ஞாபகம் இருக்கும்'னு சிரிப்பாங்க. ஆனா நிஜமாவே ஞாபகம் இருக்கு. ஒரு பச்சைக் கொசுவலை. எனக்கு உடம்பு கொதிக்குது. கண்ணைத் திறக்கும்போதெல்லாம் அந்த வலையைத் தூக்கிக்கிட்டு ஒருத்தங்க குனிஞ்சு பார்த்துக்கிட்டே இருக்காங்க. இதே கண்ணு. இதே பார்வை. மூஞ்சி மட்டும் மறந்து போச்சு. இத்தனை நாள் நானா கற்பனை பண்ணிக்கிட்டேனோன்னு நினைச்சேன்."

அவள் போட்டோவை முகத்தருகே கொண்டுபோனாள். சின்னக் குழந்தை மாதிரி, மெதுவாக, அந்தக் கண்ணைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

"அம்மா."

எனக்கு வாய் துடித்துவிட்டது. "ஏம்மா, அது..." என்று ஆரம்பித்தேன். அக்கா என் காலை ஓங்கி மிதித்தாள். கட்டைவிரல் நகம் இரண்டு நாள் கறுத்துப் போயிருந்தது.

"சித்தி, அழறியா?"

"இல்லடா. காலையில இருந்து ஸ்கிரீனையே பார்த்தேன்ல, கண்ணு எரியுது. கிளம்பு, நேரமாச்சு. அங்க குளுரும், ஸ்வெட்டரைப் பெட்டியில போட்டுட்டியா, கையில வெச்சிருக்கியா?"

"கையில இருக்கு சித்தி." கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள். "நீ மட்டும் இல்லன்னா எனக்கு அம்மாவே கிடைச்சிருக்க மாட்டாங்க சித்தி. தேங்க்ஸ்." போட்டோவைப் பைக்குள் போட மனமில்லாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டே டாக்ஸியில் ஏறினாள்.

வண்டி தெருமுனை திரும்புகிற வரை பொறுத்துக்கொண்டேன். அதற்கு மேல் முடியவில்லை.

"உனக்குப் பைத்தியமா? ஒரு வார்த்தை சொன்னா என்ன? அந்தக் கொசுவலை யாரு வாங்கினது?"

"நான்தான். வீட்டுக்கு வந்த அன்னிக்கே, அவளுக்குக் கொசு கடிக்குதுன்னு."

"அப்புறம்? சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே!"

"என்னன்னு சொல்ல? உங்கம்மா மூஞ்சியில எங்கண்ணை ஒட்டிட்டேன்னா? இந்நேரம் அவ கையில அம்மா போட்டோவும் இருக்காது, சித்தியும் இருக்க மாட்டா. தனியாப் போறா. எதையாவது கட்டிப் பிடிச்சுக்கிட்டுப் போகட்டும்."

ஸ்டூலில் உட்கார்ந்தாள். மதியம் நான் அவளைப் படம் எடுத்த அதே ஸ்டூல்தான். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். பிறகு ஆத்திரம் தாங்காமல், தெருவில் நின்று சக்களத்தியோடு சண்டை போடுகிறவள் மாதிரிச் சத்தமாகச் சொன்னாள்:

"விடிய விடிய முழிச்சது நான்டி. முழிச்ச கண்ணு என்னோடது. அவ என்னடான்னா, அதையே போட்டுக்கிட்டு எம்பொண்ணைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டா!"